கொல்லைப்புற அறையில் பிறந்த கேசட்டுகள்

சித்தூரிலிருந்து பலமநேர் போகும் பெங்களூர்ச் சாலையில், பங்காருபாளையம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மொகிலி மலைப்பாதை ஏறத் தொடங்குகிறது. மாங்காய் லோடு ஏற்றிய லாரி அந்த ஏற்றத்தில் ஊர்ந்துதான் போகும். ராத்திரி வேளையில் டிரைவருக்குத் தூக்கம் வராமல் காப்பது இரண்டு: பீடி, டேப் ரிக்கார்டர். 1990-களில் இந்தச் சாலையில் ஓடிய லாரியிலும் பஸ்ஸிலும், ஓரத்து டீக்கடைகளிலும் கேட்ட பாட்டுகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. மெட்டு ஒன்று, மொழி இரண்டு. தமிழில் 'காதலன்' (1994) என்றால் தெலுங்கில் 'பிரேமிகுடு'. இங்கே 'காதல் தேசம்' (1996), அங்கே 'பிரேம தேசம்'. நமக்கு 'இந்தியன்', அவர்களுக்கு 'பாரதீயுடு'. வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்குமாக வாழ்கிற எல்லைப்புறத்துக் குடும்பங்களில் இரண்டு கேசட்டுமே தேய்ந்து போகும் அளவுக்கு ஓடின.

அந்தப் பாட்டுகளை ரசித்தவர்களுக்குக் கணக்கில்லை. அவை எப்படித் தயாராயின, யார் யார் உழைத்தார்கள், உழைத்தவருக்கு என்ன மிஞ்சியது என்று யோசித்தவர்கள் சிலரே. மாதச் சம்பளத்திலும் தினக்கூலியிலும் காலம் தள்ளுகிற நாம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம்.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 'ராக்' இசையும், அதிலிருந்து கிளைத்த 'ஆல்டர்நேட்டிவ்' என்ற மாற்று இசையும் கொடிகட்டிப் பறந்தன. கிடார், பேஸ் கிடார், டிரம்ஸ், தொண்டை கிழியும் குரல். நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்தால் ஒரு குழு. சென்னையிலும் அப்படிப் பையன்கள் இருந்தார்கள். 'ரூட்ஸ்' என்று ஒரு குழு. டிரம்ஸ் சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் முதலியோர் அதில் இருந்தார்கள். கீபோர்டு வாசித்த பையன் பெயர் திலீப். 'நெமிசிஸ் அவென்யூ' என்று சென்னையில் ஒரு ராக் குழுவை ஆரம்பித்தவரும் அவர்தான். பிற்பாடு உலகம் அவரை ஏ.ஆர். ரஹ்மான் என்று அறிந்தது. தமிழில் ராக் ஆல்பம் என்று தனியாக ஒரு சந்தை அன்று இல்லை. பையன்கள் சினிமாப் பாட்டுக்குள் புகுந்துகொண்டார்கள். 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பாட்டில் ஒலிக்கும் சுரேஷ் பீட்டர்ஸின் குரல் அந்த மேடைகளில் பழகிய குரல். (அவரே இசையமைத்து 1995-ல் ஒரு படம் வந்தது. படத்தின் பெயர் 'கூலி'. நம் விஷயத்துக்குப் பொருத்தமான பெயர்தான்!)

தாயின் நகை

ரஹ்மானின் தந்தை ஆர்.கே. சேகர் மலையாளப் படங்களுக்கு இசை அமைத்தவர். மற்றவர்களின் இசையை நடத்திக் கொடுத்தவர். 1976-ல் அவர் காலமானபோது மகனுக்கு வயது ஒன்பது. வீட்டில் இருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. மகன் சிறு வயதிலேயே கீபோர்டு வாசிக்கக் கிளம்பினார். எம்.எஸ். விஸ்வநாதன், இளையராஜா, தெலுங்கில் ரமேஷ் நாயுடு, ராஜ்-கோட்டி என்று பலரிடம் வாசித்தார். அதாவது அவரும் பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய தொழிலாளிதான்.

1989-ல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் 'பஞ்சதன்' என்ற பதிவு அறையைக் கட்டினார். அறை எழும்பிவிட்டது, உள்ளே வைக்கக் கருவி இல்லை. குளிர்சாதனம், ஓர் அலமாரி, தரையில் கம்பளம், அவ்வளவுதான். ஒன்றுமில்லாத அறையில் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றி அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தாயார் நகைகளை எடுத்துக் கொடுத்தார். அடகுக் கடைக்குப் போன அந்த நகைகள்தாம் முதல் பதிவுக் கருவியாகத் திரும்பி வந்தன.

நம்மில் எத்தனை பேர் வீட்டு நகை, மகன் வேலைக்கென்று, வெளியூர்ப் பயணத்துக்கென்று, மார்வாடி கடைப் பெட்டியில் தூங்கியிருக்கிறது! நகை கொடுப்பவருக்கு அது திரும்புமா என்பது தெரியாது. அந்தத் தாயாருக்கும் தெரியாது. விளம்பரப் படங்களுக்கு மகன் போட்ட சின்னச் சின்ன இசைத் துணுக்குகள்தாம் அன்றைய வருமானம். லியோ காப்பி விளம்பரத்தின் இசை அவற்றில் ஒன்று. மால்குடி சுபா பாடிய ஆங்கில ஆல்பம் ஒன்றுக்கும் 'ரோஜா'வுக்கு முன்னமே இசை அமைத்தார். அது கவனிப்பாரின்றிப் போயிற்று. 1992-ல் 'ரோஜா' வந்தது. முதல் படத்துக்கே தேசிய விருது.

கூடமும் அறையும்

இந்த அறையில் நடந்த மாறுதல் என்ன என்று புரிய வேண்டுமானால், அதற்கு முன் பாட்டு எப்படிப் பதிவானது என்று தெரிய வேண்டும்.

சினிமாப் பாட்டு என்றால் பெரிய கூடம். சென்னையில் ஏவி.எம்., பிரசாத் போன்ற ஸ்டுடியோக்களில் காலையிலேயே கால்ஷீட் ஆரம்பித்துவிடும். ஆலையில் சங்கு ஊதியதும் ஷிப்டுக்குப் போவது போலத்தான். வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிறவர், ஸ்கூட்டரில் தபேலாவைக் கட்டிக்கொண்டு வருகிறவர், எல்லோரும் வந்து சேர்வார்கள். இளையராஜா எழுதிக் கொடுக்கும் நோட்ஸைப் பிரதி எடுத்து ஆளுக்கொரு தாளாக ஸ்டாண்டில் வைப்பார்கள். ஒத்திகை நடக்கும். பாடகர் வருவார். சிவப்பு விளக்கு எரிந்ததும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டும். கடைசி வரியில் ஒருவர் வில் தடுமாறினால் போச்சு. மறுபடி முதலிலிருந்து 'டேக்'. ஐம்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்ததால் அந்த இசையில் ஓர் உயிர்த் துடிப்பு இருந்தது. இன்றைக்கும் இளையராஜாவின் 1980-களின் பாட்டுகளைக் கேட்டால் அந்தக் கூடத்துக் காற்றே கேட்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பல தடப் பதிவு இந்த ஏற்பாட்டைப் பிரித்துப் போட்டது. அகலமான டேப்பில் 16 தடங்கள் இருந்தால், ஒவ்வொரு தடத்திலும் ஒரு வாத்தியத்தைத் தனித்தனியே பதியலாம். இன்று தாளம், நாளை பேஸ் கிடார், மறுநாள் புல்லாங்குழல், அடுத்த வாரம் பாடகர். புல்லாங்குழல்காரரும் பாடகரும் சந்திக்கவே வேண்டியதில்லை. பிழை வந்தால் அந்தத் தடத்தை மட்டும் திரும்ப வாசித்தால் போதும். எல்லாவற்றையும் கடைசியில் சேர்த்து, எது முன்னால் ஒலிக்க வேண்டும், எது பின்னால் பதுங்க வேண்டும் என்று அளந்து வைப்பது 'மிக்சிங்'. சமையலில் உப்புப் புளி பார்ப்பது மாதிரி. பஞ்சதனில் அந்தக் கைப்பக்குவம் எச். ஸ்ரீதருடையது. 'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' என்று நான்கு படங்களின் ஒலிப்பதிவுக்குத் தேசிய விருது பெற்ற அவர் 2008 டிசம்பரில் மறைந்தார்.

பெரிய ஸ்டுடியோவில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டு அறையில் அந்தக் கெடுபிடி இல்லை. ராத்திரியில்தான் வேலை. வாத்தியக்காரரை மனம்போல் வாசிக்கவிட்டுப் பதிந்துகொண்டு, அதில் ஒரு துண்டை எடுத்துப் பாட்டில் கோக்கலாம். 'திருடா திருடா' (1993) படத்தின் 'ராசாத்தி' பாட்டில் வாத்தியங்களை ஒதுக்கிவிட்டுக் குரல்களையே அடுக்கி மாளிகை கட்டியது இப்படிப்பட்ட அறையில் கைகூடும் காரியம். மேடையில் ராக் வாசித்த பையன்களுக்குக் கூடத்தில் நோட்ஸைப் பார்த்து அடங்கி வாசிப்பதைவிட இந்த வேலை இனித்திருக்கும்.

ஆனால் அறைக்குள் இன்னொரு ஆள் வந்து உட்கார்ந்திருந்தார். பெயர் சீக்வென்சர். விரலால் ஒரு முறை தட்டியதை நினைவில் வைத்து நூறு முறை பிசகாமல் வாசிக்கும். டீ கேட்காது, பேட்டா கேட்காது. கம்ப்யூட்டர் இசையை 1986-லேயே 'புன்னகை மன்ன'னில் இளையராஜா கையாண்டிருந்தார். 1990-களில் அது வழக்கமாகிவிட்டது. இருபது வயலின் வேலையை ஒரு கீபோர்டு செய்யும் என்று தயாரிப்பாளர்கள் கண்டுகொண்டார்கள்.

அமெரிக்காவில் ஒரு கணக்குப்பிள்ளை

இதே சமயத்தில் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 'நிர்வாணா' என்ற குழு 1991-ல் 'நெவர்மைண்ட்' ஆல்பத்தால் உலகப் புகழ் பெற்றது. அடுத்த ஆல்பமான 'இன் யூட்டரோ'வைப் பதிய அவர்கள் ஸ்டீவ் அல்பினி என்ற ஒலிப்பதிவாளரை அழைத்தார்கள். பெரிய பதிவாளர்கள் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பங்கு கேட்பது அங்கே வழக்கம். அல்பினி குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். குழாய் ரிப்பேர் செய்கிறவருக்குக் கொடுப்பதைப் போல எனக்குக் கொடுங்கள், வேலையை முடிப்பேன், கூலியை வாங்கிக்கொண்டு போவேன், பங்கு வேண்டாம் என்பது அதன் சாரம். ஆல்பம் பாடியவருடையது, அதில் எனக்கென்ன பாத்தியதை என்பது அவர் கட்சி. ஒரு லட்சம் டாலர் வாங்கினார், அதோடு சரி. 1993 பிப்ரவரியில் மினசோட்டா மாநிலத்தில், பனிக்காட்டுக்குள் இருந்த ஒரு ஸ்டுடியோவில் இரண்டு வார அளவில் வேலை முடிந்தது. கம்பெனிக்காரர்களுக்கு அந்தக் கரடுமுரடான ஒலி பிடிக்கவில்லை. இரண்டு பாட்டுகளை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி மிக்சிங் செய்தார்கள். ஆல்பம் செப்டம்பரில் வந்து லட்சக்கணக்கில் விற்றது. கம்பெனி லாபம் பார்த்தது. அல்பினி கூலியோடு நின்றார்.

அதே 1993-ல் அவர் ஒரு சிற்றிதழில் கட்டுரை எழுதினார். குமாஸ்தா வேலை பார்க்கிறவர்கள் ரசிக்கக் கூடிய கட்டுரை. அதில் வரவு செலவுக் கணக்கு ஒன்று வருகிறது. நான்கு பேர் கொண்ட ஒரு குழு, கற்பனைக் குழு, பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போடுகிறது. முன்பணம் இரண்டரை லட்சம் டாலர். ஆல்பமும் இரண்டரை லட்சம் பிரதிகள் விற்கிறது. நல்ல வெற்றிதானே? இப்போது கழித்துக்கொண்டே வாருங்கள் என்கிறார். ஸ்டுடியோ வாடகை, தயாரிப்பாளர், மேனேஜர், வக்கீல், வீடியோ, ஊர் ஊராகச் சுற்றும் பஸ். கடைசியில் கம்பெனிக்கு 7,10,000 டாலர். மேனேஜருக்கு 51,000. வாசித்தவர் ஒவ்வொருவர் கைக்கும் வருவது 4,031 டாலர் 25 சென்ட்! பலசரக்குக் கடையில் நின்று வேலை பார்த்திருந்தால் இதைப் போல மூன்று மடங்கு கிடைத்திருக்கும் என்று முடிக்கிறார். அத்தனைக்கும் மேல் குழு கம்பெனிக்குக் கடன்பட்டிருக்கிறது. அடுத்த ஆல்பத்தில் அடைக்க வேண்டும். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஊர்விட்டு வேலைக்குப் போன குடும்பங்களைக் கண்டவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இராது.

இந்தப் பிடியிலிருந்து தப்பும் வழிகளில் ஒன்று, சொந்தக் கருவி, சொந்த இடம். இங்கிலாந்தின் 'ரேடியோஹெட்' குழு தங்கள் புகழ்பெற்ற 'ஓகே கம்ப்யூட்டர்' (1997) ஆல்பத்தின் வேலையை, முன்பு ஆப்பிள் பழம் வைத்திருந்த ஒரு கொட்டகையில் ஆரம்பித்தது. கழிப்பறை கிடையாது, சாப்பிட வசதி கிடையாது. பிறகு ஒரு பழைய மாளிகைக்கு மாறினார்கள். கருவிகள் அவர்களுடையவை. கோடம்பாக்கத்துக் கொல்லைப்புறத்துக்கும் அந்தப் பழக் கொட்டகைக்கும் கடல் நடுவே கிடந்தாலும் காரியம் ஒன்றுதான்.

டில்லியில் 'இந்தியன் ஓஷன்' குழு ஸ்டுடியோவே வேண்டாமென்று விட்டது. 1997 ஜனவரி 1-ம் தேதி, சப்தர் ஹஷ்மி நினைவாக 'சஹ்மத்' அமைப்பு நடத்திய நிகழ்ச்சியில் வாசித்ததையே பதிந்து 'டெசர்ட் ரெய்ன்' என்று ஆல்பமாக வெளியிட்டார்கள். ஹஷ்மி, 1989 புத்தாண்டு நாளில் டில்லியை அடுத்த தொழிலாளர் குடியிருப்பில் தெரு நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு உயிர்விட்டவர்.

சித்தூர்க்காரர் வைத்த சங்கம்

வாத்தியக்காரரின் கூலி என்று பேசும்போது இந்த மாவட்டத்துக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய பெயர் ஒன்று இருக்கிறது. எம்.பி. சீனிவாசன். எம்.பி.எஸ். என்றால் மலையாள நாட்டில் தெரியாதவர் இல்லை. 1925-ல் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வசதியான வீட்டுப் பிள்ளை. மாணவப் பருவத்திலேயே இடதுசாரி இயக்கத்தில் சேர்ந்தார். டில்லியில் ஏ.கே. கோபாலனிடம் செயலாளராக இருந்தார். 1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசை அவருடையது. ஏராளமான குரல்களை ஒன்றாகச் சேர்த்துப் பாட வைக்கும் சேர்ந்திசையை வளர்ப்பதற்காகச் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உண்டாக்கினார். இவற்றைவிட, சினிமாவில் வாத்தியம் வாசிப்பவர்களுக்கென்று சென்னையில் தொழிற்சங்கம் கண்டவர் அவர் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கலைஞனுக்கு எதற்குச் சங்கம் என்று கேட்ட காலம் அது. வயலின் வில் பிடிக்கிற கையும் சுத்தியல் பிடிக்கிற கையும் மாதக் கடைசியில் ஒரே கடையில்தான் அரிசி வாங்குகின்றன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எம்.பி.எஸ். 1988 மார்ச்சில் லட்சத்தீவில் காலமானார். கொல்லைப்புற அறை எழும்பியது மறு வருஷம். சங்கத்தின் பலமே ஐம்பது பேர் ஒரு கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்திருந்ததில் இருந்தது. ஒருவர் இன்று ராத்திரி, ஒருவர் நாளை ராத்திரி என்று தனித்தனியே வந்து வாசித்துவிட்டுப் போகும் இடத்தில் கூட்டுப் பேரம் எங்கிருந்து வரும்? சீக்வென்சரிடம் சந்தா வசூலிக்க முடியுமா? மில்லில் புது இயந்திரம் வந்ததும் ஷிப்டு குறைந்ததைப் போலத்தான் இங்கும் நடந்தது. கூட்டமாக வாசித்த வயலின்காரர்களுக்குக் கால்ஷீட் குறைந்தது. தனித்து நின்று பேர் சொல்லும் வித்வான்களுக்கு மதிப்புக் கூடியது. நடுவில் இருந்தவர்கள் கச்சேரிக்கும், கல்யாண மேடை மெல்லிசைக் குழுவுக்கும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் போனார்கள்.

இதற்கு ரஹ்மான் ஒருவரைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. அவர் செய்யாவிட்டால் இன்னொருவர் செய்திருப்பார். உலகம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒரு நல்ல வழக்கத்தையும் கொண்டுவந்தார். கேசட்டுக்குள் மடித்து வைக்கும் உள்ளட்டையில் வாசித்தவர்களின் பெயர்களை அச்சிட்டார். அதற்கு முன் சினிமாக் கேசட்டில் அந்தப் பெயர்களைப் பார்ப்பது அபூர்வம். புல்லாங்குழல் நவீன் என்றும், பேஸ் கிடார் கீத் பீட்டர்ஸ் என்றும் ஜனங்களுக்குத் தெரிய வந்தது அந்தப் பொடி எழுத்துகளால்தான். 'பம்பாய்' (1995) படத்தின் பின்னணி இசையில் உருக வைக்கும் அந்தக் குழல் யாருடையது என்று தேடி, உள்ளட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்தவர்கள் உண்டு. 2008-ல் அவர் சென்னையில் இசைக் கல்லூரி தொடங்கி, ஏழைப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூடத்து வாத்தியங்கள் அந்த வழியில் திரும்பி வந்தன.

2012-ல் பார்லிமெண்டு காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பாட்டு எழுதியவரும் இசை அமைத்தவரும் ராயல்டி உரிமையைத் தயாரிப்பாளரிடம் ஒரேயடியாக எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று ஆயிற்று. பாடகர்களும் தங்களுக்கென்று ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டு பங்கு கேட்டார்கள். ஒரு ராத்திரி வந்து வாசித்துக் கவரை வாங்கிக்கொண்டு போனவரின் பாடு இன்னும் தீரவில்லை. அல்பினி பங்கை வேண்டாமென்றது அவராகவே முடிவெடுத்து. அதற்கு லட்சம் டாலர் கூலியும் அவருக்குக் கிடைத்தது. நம் வாத்தியக்காரரிடம் வேண்டுமா வேண்டாமா என்று யாரும் கேட்டதில்லை.

வெற்றுக் கேசட்டும் பாட்டுச் சீட்டும் கொடுத்தால் பதிந்து தரும் கடைகளின் காலம் முடிந்துவிட்டது. பழைய பாட்டு அத்தனையும் இன்று டிரைவரின் கைப்பேசியில், தமிழிலும் தெலுங்கிலும் கிடைக்கிறது. பாட்டு ஓடும்போது திரையில் படத்தின் பெயர் வரும், பாடகர் பெயர் வரும், இசையமைப்பாளர் பெயர் வரும். குழல் வாசித்தவர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பழைய கேசட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர்கள் உள்ளட்டையைப் பிரித்துப் பார்க்கலாம்.